ஒட்டுகிற டைல்ஸும் நம் குளியலறையும்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலைகளில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஊரார் வீட்டில் டைல்ஸ் போடும்போது பக்கத்தில் நின்று குறை சொல்லியே பழகியவன். அப்படிப்பட்டவன் தன் வீட்டுக் குளியலறையில் ஸ்டிக்கர் டைல்ஸ் ஒட்டினால் எப்படி இருக்க வேண்டும்? மூன்றாவது வாரமே எழும்பிக்கொண்டது.

பின்பக்கக் காகிதத்தை உரித்தால் பசை. அப்படியே ஒட்ட வேண்டியதுதான். சிமெண்ட் வேண்டாம், பழைய தரையை உடைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். பார்க்கப் பிரமாதம். அப்புறம் ஒருநாள், பக்கெட் வைக்கிற இடத்தில் ஒரு மூலை பொரித்த அப்பளம்போல் சுருண்டு நின்றது. விரலால் தூக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர். பசை வெளுத்துக் கொழகொழவென்று கிடந்தது.

டைல்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வினைல், ஒருவகை பிளாஸ்டிக். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் இறங்கும் தண்ணீர்தான் வில்லன். மேல்நாட்டில் தொட்டிக்குள்ளோ கண்ணாடி அறைக்குள்ளோ நின்று குளிக்கிறார்கள். வெளித்தரை காய்ந்தே இருக்கும். நாம் தரையில் நின்று மக்கால் மொண்டு ஊற்றுகிறோம், அங்கேயே துணியும் துவைக்கிறோம். அதனால் குளிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். வாஷ்பேசின் பக்கம், கமோடைச் சுற்றி, கதவோரம், இங்கே மட்டும் ஒட்டுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் போகும் ஜாலியைச் சுற்றிக் கொத்தனார் நாலாபக்கமிருந்தும் வாட்டம் கொடுத்திருப்பார். அந்தச் சரிவில் ஒரு தட்டையான டைல்ஸ் படிந்து உட்காராது, ஏதாவது ஒரு மூலை தூக்கிக்கொண்டே இருக்கும்.

கீழ்வீட்டுக் கூரையில் கசிவு இருக்கிறது, இதை ஒட்டினால் நின்றுவிடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நிற்காது. கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒட்டுவது அரைநாள் என்றால், தரையைத் தயார் செய்ய இரண்டு நாள் வேண்டும். நம் குளியலறைத் தரையில் என்னதான் இல்லை? சோப்புப் படலம், போர்த் தண்ணீரின் வெள்ளை உப்பு, சனிக்கிழமைதோறும் இறங்கிய நல்லெண்ணெய். பசைக்கு எண்ணெய்தான் முதல் எதிரி. பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, நுரை இல்லாமல் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பிறகு யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஒருநாள் காய வேண்டும். வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

தரைக்கு அடியில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் டைல்ஸ் வாங்கும் யோசனையையே தள்ளி வையுங்கள். பழைய டைல்ஸின் மேல் ஒட்டுவதானால், அதன் இணைப்புப் பள்ளங்களை கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) வைத்துச் சமமாக்கிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோடுகள் நாளடைவில் மேலே பதிந்து தெரியும்.

12 அங்குலச் சதுர டைல்ஸ் ஒன்று ஒரு சதுர அடி. 16 சதுர அடிக்கு 18 வாங்கினால் வெட்டில் வீணாவதற்கும் சரியாக இருக்கும். பளபளப்பானதை எடுக்காதீர்கள், ஈரக்காலில் வழுக்கும். சொரசொரப்பானதே நல்லது, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கட்டாயம். சுவரை நம்பித் தொடங்கவும் கூடாது. எந்தச் சுவரும் நேர் இல்லை. நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்துக் கோடு போட்டு, காகிதத்தை உரிக்காமலேயே ஒருமுறை பரப்பிப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு அங்குலத் துண்டு வருகிறதென்றால் கோட்டைத் தள்ளிப் போடுங்கள். சில டைல்ஸின் பின்னால் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஓர் ஓரத்தைப் பக்கத்து டைல்ஸோடு நெருக்கிப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்குங்கள். பசை தரையைத் தொட்டபின் நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள்.

கமோடின் வளைவில்தான் பொறுமை சோதிக்கப்படும். செய்தித்தாளை வெட்டி வெட்டி அந்த வளைவுக்குப் பொருத்தி, அதை டைல்ஸின் முகப்பில் வைத்து வரையுங்கள். நான் பின்பக்கம் வைத்து வரைந்தேன். வளைவு இடம் வலமாக மாறி, ஒரு டைல்ஸ் போயிற்று. ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினால் வினைல் இளகி, கட்டர் சுலபமாக இறங்கும்.

கடைசியில் கமோடின் அடி, சுவரோரம், குளிக்கிற பக்கத்து விளிம்பு எல்லாவற்றுக்கும் தண்ணீர் இறங்காமல் இடுக்கை அடைக்கும் சிலிகோன் பசையை இழுத்துவிடுங்கள். அது இறுக ஒருநாள் விடுங்கள். நாலைந்து நாளைக்கு ஈரத்துடைப்பம் வேண்டாம். வாடகை வீடானால் ஒட்டுவதற்கு முன்பே உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது சூடு காட்டி உரித்தாலும் பசை கொஞ்சம் தங்கும், அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள்.

மிஞ்சிய டைல்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்று கிழிந்தால் அதே நிறம் மறுபடி கிடைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் மிஞ்சியது இரண்டு. ஒன்று பரணில் இருக்கிறது. இன்னொன்றை என் மனைவி காகிதம்கூட உரிக்காமல் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். நான் ஒட்டியதிலேயே எழும்பாத டைல்ஸ் அதுதான் என்கிறாள். வணக்கம்.