கறுப்பு டேப் சுற்றிய கயிறு

நேயர்களுக்கு வணக்கம். "மாமா, எட்டே நிமிஷம், அதற்குள் முடித்துவிடுங்கள்" என்று இங்கே நிகழ்ச்சித் தம்பி சொல்லித்தான் உள்ளே விட்டார். முப்பது வருஷ வேலையை எட்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். பார்ப்போம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீடு போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிள்ளை எங்கே, அக்கா எங்கே என்று போன் பண்ணிப் பார்த்தால் சிக்னல் இல்லை. அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. வந்ததும் "அப்பாடா" என்றோம். அதற்காக ஈரமான செல்போன் டவரில் யாரோ ஒருவர் ஏறியிருப்பாரே என்று யாருக்கும் தோன்றியிருக்காது. தப்பில்லை, எனக்கே மேலே ஏறும் வரைக்கும் தோன்றியதில்லை.

எங்கள் தொழிலில் டவரில் ஏறி வேலை செய்கிற ஆளை ரிக்கர் என்போம். நான் ரிக்கராக இருந்து, பிறகு ரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். "ஹில்ப்ரோ டவரில் ஏறியிருக்கிறீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற அது 269 மீட்டர். பிரிக்ஸ்டன் டவர் 237. பெரிய உயரம்தான். ஆனால் நான் பயந்ததெல்லாம் கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில் நிற்குமே முப்பது மீட்டர் மாஸ்ட், அந்த ஒல்லிக் கம்பத்தைப் பார்த்துத்தான். பெரிய டவரில் ஆள் பயத்தோடு ஏறுவான். சின்ன மாஸ்ட்டில், "இதென்ன, பத்து நிமிஷ வேலை" என்று கொக்கி மாட்டாமல் ஏறுவான்.

கொக்கி என்றதும் நம் ஜனங்களுக்குக் காவடிதான் ஞாபகம் வரும். அதில் கொக்கிக்கு முருகன் பொறுப்பு. எங்கள் கொக்கிக்கு அந்த வசதி இல்லை. எங்கள் கயிற்றில், அதாவது லேன்யார்டில், இரண்டு கொக்கி இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். எப்போதும். ஏறும்போதும் இறங்கும்போதும், மூக்கைச் சொறியும்போதும்.

அந்தக் கயிற்றில் கையளவில் ஒரு தைத்த பொட்டலம் இருக்கும். ஆள் விழுந்தால் அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரியும். அப்படிப் பிரிந்து பிரிந்துதான் விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளும், இடுப்பு முறியாது. ஒருதரம் பிரிந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. குப்பைக்குப் போக வேண்டும்.

நான் வேலைக்குப் புதுசு. காலை ஐந்தரை மணி, பக்கி வண்டியின், அதாவது சின்ன திறந்த லாரியின், பின்னால் மூன்று ஹார்னஸ் (கயிற்றை மாட்ட உடம்பில் கட்டும் பட்டை), ஐந்து ஆள். எனக்கு வந்த கயிற்றில் அந்தப் பொட்டலத்தைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். மழை நனையாமல் இருக்கச் சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். மேலே போய் உட்கார்ந்து, சும்மா கை அரிப்பில் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். உள்ளே தையல் பாதி பிரிந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ அதில் விழுந்திருக்கிறான். அவன் யார், பிழைத்தானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கீழே இறங்கி ஃபோர்மனிடம் காட்டினேன். "அடுத்த வாரம் புதுசு வரும் தம்பி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்.

இந்த "மேலே ஒருவர்" விஷயத்தைத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரிகிறேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் ஒரு பெரிய டவரில் ஆன்டெனாவை மேலே தூக்கினார்கள். டன் கணக்கில் எடை. தூக்குகிற கம்பி, ஆன்டெனாவின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கூடை போன்ற பாகங்களில் இடித்தது. ரிக்கர்கள், "கூடையைக் கழற்றிக்கொள்ளட்டுமா?" என்று ஆன்டெனாவைச் செய்த கம்பெனியைக் கேட்டார்கள். கூடாது என்று பதில். "சரி, தூக்குவதற்கு நாங்களே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறோம், இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். கம்பெனி எஞ்சினியர்கள் பார்க்கவில்லை. பார்த்தால் பொறுப்பு தங்கள் தலையில் விழுமே! அந்த ஏற்பாட்டின் போல்ட் தாங்கவில்லை. விழுந்த இரும்பு, டவரைச் சாயாமல் பிடித்திருக்கும் இழுவைக் கம்பியை அறுத்தது, டவரே சரிந்தது. ஐந்து பேர் போனார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2014-இல் வந்த கட்டுமான விதிகளில், பாதுகாப்புச் செலவுக்குப் போதுமான பணத்தை டெண்டரில் ஒதுக்கியிருக்கிறார்களா என்று வேலை கொடுப்பவரே பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அருமையான விதி. ஆனால் சைட்டுக்குப் போனால் எல்லோர் வாயிலும் வருவது அந்த 1993 சட்டத்தின் 'தர்ட்டி செவன் டூ'தான். பிரிவு 37(2). பாதுகாப்பைக் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். நடைமுறையில் என்ன ஆகிறது? நெட்வொர்க் கம்பெனி ஒருவரிடம் கையெழுத்து வாங்கும், அவர் அடுத்தவரிடம் வாங்குவார், கடைசியில் பக்கி வண்டிக்காரர் வரைக்கும் காகிதம் இறங்கி வரும். காசு வழியிலேயே தேய்ந்துவிடும். ஆள் விழுந்தால், "கொக்கி மாட்டவில்லை, அவன் தப்பு" என்று அறிக்கை. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதைதான்.

ஒவ்வொரு மாஸ்ட்டுக்கும் கீழே ஒரு இன்ஸ்பெக்டரை நிற்க வைக்க முடியாது. அதனால்தான் தொழிலும் அரசாங்கமும் தாங்களாக ஒரு மேஜையில் உட்கார வேண்டும் என்கிறேன். அதே அமெரிக்காவில் 2013-இல் டவர் வேலையில் 13 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சேர்த்தால்கூட அவ்வளவு இல்லை. 2014 பிப்ரவரியில் அங்கே தொழில் பாதுகாப்புத் துறைத் தலைவர் டவர் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் தொழிலாளர் துறையும் தகவல் தொடர்பு ஆணையமும் சேர்ந்து டவர்க்காரர்களையும் நெட்வொர்க்காரர்களையும் கூப்பிட்டுப் பேசின. பழகுநர் பயிற்சித் திட்டம் ஒன்றும் வந்தது. சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, சேர்ந்தார்கள். பயிற்சி நல்லதுதான். எனக்குப் பிடித்தது வேறு. காசு கொடுக்கிறவனும் அந்த அறையில் இருந்தான். இங்கே நான் போன பாதுகாப்புக் கூட்டங்களில் டீயும் சமோசாவும் இருக்கும், ரிக்கர்கள் இருப்பார்கள், காசு கொடுக்கிறவர் மட்டும் "மன்னிக்கவும், வேறு மீட்டிங்" என்று செய்தி அனுப்பியிருப்பார்.

அப்புறம் முக்கியமானது, மீட்பு. விழுந்தவன் கயிற்றில் தொங்கினால் பிழைத்தான் என்று நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கும், மயக்கம் வரும், உயிரே போகலாம். அவனை உடனே இறக்க ஆளும் சாமானும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று அந்த 2014 விதியே சொல்கிறது. இதற்குத்தான் நான் நிறைய...

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றுகிறார். மின்னல், ஆன்டெனா பவரைக் குறைப்பது, எதையும் சொல்லவில்லை. சரி, ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுப் பையன் இந்த வேலைக்குப் போகிறான் என்றால், இன்றைக்கு ராத்திரி அவன் பையைத் திறந்து அந்தத் தையல் பொட்டலத்தைப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றியிருந்தால் கத்திரிக்கோலை எடுத்துக் கயிற்றையே வெட்டிப் போட்டுவிடுங்கள். அவன் கோபித்துக்கொண்டால், ரேடியோவில் ஒரு கிழவர் சொன்னார் என்று சொல்லுங்கள். வணக்கம்.