வெளியா, தீனியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தண்டையார்பேட்டையில் இன்று மாலை கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். முட்டையின் தரத்தைத் தீர்மானிப்பது கோழி திரியும் வெளியா, தின்னும் தீனியா என்ற கேள்விக்கு, தீனியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

மேய்ச்சல் கோழியின் மஞ்சள் கரு செம்பொன்னாக மின்னுகிறது, கூண்டுக் கோழியின் கருவோ வெளுத்துக் கிடக்கிறது, இதைவிடச் சான்று வேண்டுமா என்று எதிரணித் தோழி கேட்டார். அந்த நிறத்தைக் கோழி தன் உடலில் உண்டாக்கிக்கொள்வதில்லை. கீரையிலும் புல்லிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் இருக்கும் லூட்டின் போன்ற நிறமிகள்தாம் கருவில் வந்து படிகின்றன. கூண்டுக்குள்ளேயே வைத்துத் தீவனத்தில் செண்டுமல்லி இதழின் சாற்றைக் கலந்தாலும் கரு நிறம் ஏறிவிடும். நாளெல்லாம் வெட்டவெளியில் திரிந்தும் அரிசிக் குருணையைத் தவிர வேறெதுவும் கிடைக்காத கோழியின் கரு வெளிறித்தான் இருக்கும். ஒமேகா 3 கொழுப்பும் இப்படித்தான்: ஆளிவிதை தின்னும் கோழியின் முட்டையில் அது கூடுகிறது.

வியாசர்பாடியில் என் ஆயா நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்த்தார்; தெரு முழுவதும் அவற்றின் மேய்ச்சல் நிலம். ஒரு கோடையில் காசிமேட்டு மீன் கழிவை அவற்றுக்கு அள்ளி அள்ளிப் போட்டோம். சில நாட்களில், அவித்த முட்டையை உரிக்கும்போதே கவிச்சி மூக்கில் ஏறியது. என் தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். வேறொரு சமயம், கையில் எடுத்தாலே நொறுங்குமளவுக்கு ஓடு மெலிந்தது. ஆயா எண்ணூரிலிருந்து வந்த கிளிஞ்சலை உரலில் இடித்து ஒரு கொட்டாங்குச்சியில் வைத்தார். ஓடு மறுபடியும் கெட்டிப்பட்டது. ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதை நான் பள்ளியில் படித்தது அதற்குப் பிறகுதான். இரண்டு முறையும் தெரு அதே தெரு, கோழிகள் அதே கோழிகள், மாறியது இரை மட்டுமே.

வெயிலில் திரியும் கோழியின் கருவில் வைட்டமின் டி கூடுகிறது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதே வைட்டமினைத் தீவனத்தில் சேர்த்தாலும் முட்டையில் அது ஏறுகிறது. ஒரு தாளளவு இடம்கூட இல்லாமல் கோழியை அடைத்து வைப்பது கொடுமை என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது கோழியின் வாழ்வைப் பற்றிய வழக்கு, இன்றைய வழக்கு முட்டையின் தரத்தைப் பற்றியது.

நம் வடசென்னையில் ‘வெளி’ என்பது எது, நடுவர் அவர்களே? கிளறித் தின்னும் கோழி, இரையோடு மண்ணையும் விழுங்குகிறது. பழைய பெயிண்ட் உதிர்ந்த மண்ணிலும், பேட்டரி உடைத்த மண்ணிலும், 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரை ஈயம் கலந்த பெட்ரோலின் புகை படிந்த சாலையோர மண்ணிலும் ஈயம் என்ற நச்சு உலோகம் தங்கியிருக்கக்கூடும். கோழி விழுங்கிய ஈயம் முட்டைக்குள் போகிறது. அதை நாக்கும் அறியாது, கண்ணும் அறியாது. அந்தக் கோழிக்கு வெளியில் ஒரு குறையும் இல்லை, குறை அதன் இரைப்பைக்குள் போனதில் இருக்கிறது. அந்த முட்டையைத்தான் ‘மேய்ச்சல் முட்டை’ என்று நம்பி, கூடுதல் விலை கொடுத்து, பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம். எதிரணியினர் அந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டு, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.