மேச்சேரி ஆட்டுக்குக் கிடாய் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று நான்கு ஏக்கர் மானாவாரி நிலம், வற்றிப்போன கிணறு, கூலிக்கு ஆள் கிடைக்காத நிலைமை. இப்படி இருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். வெளியூர் இனத்தைத் தேடி அலைய வேண்டாம். மேச்சேரிச் செம்மறியை வளருங்கள், கிடாயை மட்டும் கண்ணும் கருத்துமாகத் தேர்ந்தெடுங்கள்.

சேலம், ஈரோடு, கரூர் பக்கம் இந்த ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிர் பழுப்பு நிறம். உடம்பில் கம்பளி கிடையாது, குட்டை ரோமம்தான். அதனால் கத்தரிக்கும் வேலையே இல்லை. கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பு இல்லை என்பதால், வயதான ஒரு பாட்டி தனியாக நின்றே பட்டியில் அடைத்துவிடலாம், மருந்தும் புகட்டலாம். தோலின் தரத்துக்கோ நம் நாட்டுச் செம்மறிகளில் இதற்குத் தனிப் பெயர் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மைக்கேல் பீல் என்பவர், கம்பளி இல்லாத செம்மறி வேண்டும் என்று 1957-இல் கரீபியன் தீவிலிருந்து ஆடுகளை வரவழைத்து, பல ஆண்டுகள் கலந்து பார்த்துத்தான் கட்டாடின் இனத்தை உருவாக்கினார். நமக்கு அந்தப் பாடு தேவைப்படவில்லை.

மேய்ச்சலுக்குக் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொரங்காடு என்று சொல்லும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பாருங்கள். நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். வேலி உயிரோடு இருப்பதால் கம்பிச் செலவு இல்லை. ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் நாள் முழுக்கக் கூடவே நடக்க வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் கைகொடுக்கிறது. காயைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு போட்டுவிட, அடுத்த மழைக்கு அங்கங்கே கன்று முளைக்கிறது. நிலத்தை இரண்டு மூன்று துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றதற்கு ஓய்வு கொடுங்கள். புல் அடியோடு கடிபட்டுவிட்டால் மீண்டும் தழைக்க நெடுநாள் ஆகும்.

முதல் மழைக்குப் பின் தளதளவென்று வரும் இளம்புல்தான் ஆபத்து. வயிறு நிறைய மேய்ந்த கொழுத்த குட்டிதான் துள்ளுமாரி நோயில் திடீரென்று துடித்துச் சாகும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். இன்னொன்று, வெண்பன்றியும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு: பன்றித் தீவனத்தைச் செம்மறிக்கு வைக்கவே வைக்காதீர்கள். பன்றிக்குச் சேர்க்கும் தாமிரம் செம்மறியின் ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். ஒருநாள் சிறுநீர் சிவந்து, காமாலை கண்டு ஆடு விழுந்துவிடும். இரவுக் காவலிலும் அசட்டை வேண்டாம். தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து குதறிப்போடும் கொடுமையைக் கொங்குப் பகுதி விவசாயிகள் கண்ணீரோடு சொல்கிறார்கள்.

இப்போது கிடாய். எடை கூடுகிறது என்று வேற்றினக் கிடாயை விட்டுக் கலந்துவிடும் பட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. கலப்பு ஏற ஏற, நம் வெயிலையும் வறட்சியையும் தாங்கும் குணம் குறைந்துகொண்டே போகும். இழந்த இனத்தைத் திரும்பக் கொண்டுவர எந்தத் திட்டத்தாலும் முடியாது. கிடாய் வாங்கப் போனால் முதலில் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் தவறாமல் குட்டி போட்டதா, பால் போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள். கிடாயின் இரண்டு விதைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். ஆள் கிட்டே வந்தால் மிரண்டு முட்டுகிற கிடாய் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வேண்டாம், அந்தக் குணம் குட்டிக்கும் இறங்கும்.

இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடாய் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது தன் மகள்களோடே சேரும், குட்டிகள் நோஞ்சானாகும். நல்ல கிடாய் பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால், சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் இயங்கிவரும் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். அதுவும் முடியாவிட்டால், அடுத்த ஊர் வளர்ப்பாளரோடு பேசி, உங்கள் கிடாயைக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள்.