புதுச் சட்டிக்கு முதல் கஞ்சி

வணக்கம் நேயர்களே. ஜப்பானில் யொக்காயிச்சி என்ற ஊரிலிருந்து பேசுகிறேன். நகோயாவில் கின்தெத்சு ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கடலோரம் முழுக்கப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், மலைப்பக்கம் தேயிலைத் தோட்டங்கள், இரண்டுக்கும் நடுவே மண்பாண்டம் செய்கிறவர்கள். என் கணவருக்கு இங்கே ஓர் ஆலையில் வேலை கிடைத்து நாங்கள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள்.

ஜப்பான் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு சட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு தோனாபே வாங்கினேன். ‘தோ’ என்றால் மண், ‘நாபே’ என்றால் சட்டி. சொல்லுக்குச் சொல் நம் மண்சட்டிதான். தடித்த அடி, கனமான மூடி, மூடியில் ஆவி போக ஒரு துளை. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அப்போது எனக்கு ஜப்பானிய எழுத்து வாசிக்க வராது. கைபேசியை அதன்மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். முதல் முறை இதில் கஞ்சி காய்ச்சுங்கள், ஆறும் வரை அப்படியே விடுங்கள், பிறகு கழுவி நன்றாகக் காய வையுங்கள் என்று போட்டிருந்தது.

அடுப்படியில் நின்றபடியே அதை இன்னொரு தடவை படித்தேன். எங்கள் வீட்டில் புதுச் சட்டி வாங்கினால் அம்மா முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவார். அப்புறம் அரிசி கழுவின தண்ணீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்க விடுவார். சட்டியைப் பழக்குவது என்று சொல்வோம். இங்கே அதற்கு ‘மெதோமே’ என்று பெயர். கண்ணை அடைப்பது என்று அர்த்தம். மண்ணில் இருக்கிற நுண்துளைகளைத்தான் கண் என்கிறார்கள். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து அந்தக் கண்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டி கசியாது, வாடையும் சீக்கிரம் ஏறாது. அம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். “அங்கேயும் கஞ்சிதானா?” என்று கேட்டார்.

இந்தச் சட்டியில் சோறு ஆக்குவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. இங்கே சோற்றை வடிப்பதில்லை. அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊற வைத்து, ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் விட்டு, மூடித் தீயில் வைக்க வேண்டும். துளையில் ஆவி நூலாகக் கிளம்பும். அது தடித்துச் சீறும்போது தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். அணைத்த பிறகு இன்னும் பத்து நிமிடம் மூடியைத் தொடவே கூடாது. கடைசியில் அடியில் பொன்னிறத்தில் ஒரு காந்தல் பிடித்திருக்கும். அதை ‘ஒகோகே’ என்று சொல்லி, லேசாக உப்புத் தூவிச் சாப்பிடுகிறார்கள். ஊரில் காந்தலுக்குச் சண்டை போட்டவர்களுக்கு இந்த ருசியை விளக்க வேண்டியதில்லை.

சோற்றோடு மிசோ சூப். இந்தப் பக்கம் சிவப்பு மிசோதான் அதிகம். சோயா மொச்சையும் உப்பும் மட்டும் போட்டு வருஷக்கணக்கில் புளிக்க வைத்தது. கருஞ்சிவப்பாக, கொஞ்சம் துவர்ப்பாக இருக்கும். சூப்புக்கு அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. கொம்பு என்ற கடல்பாசியும் காத்சுவோபுஷி என்ற உலர்ந்த மீனும் போட்டு எடுப்பார்கள். அந்த மீன் வேறெதுவும் இல்லை, சூரை. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் நீங்கள் போடுகிற மாசிக்கருவாடும் அதே சூரைதான். மீன் சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டும்: காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் தாஷியில் மீன் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் செய்வதானால் கொம்புவும் காய்ந்த ஷிதாகே காளானும் போதும், நல்ல சாறு இறங்கும்.

சரி, சட்டிக்கு வருகிறேன். யொக்காயிச்சி மண்பாண்டத்துக்குப் பான்கோ என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பக்கத்துக் குவானா ஊரின் வணிகர் நுனாமி ரோசான், என்றும் மாறாதது என்ற பொருளில் அந்த முத்திரையைத் தன் பாத்திரங்களில் குத்தினார். இன்றைக்கு ஜப்பானில் செய்யப்படும் தோனாபேயில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாரம் ஒரு நாள் நடக்கும் மண் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித் தருகிற சென்செய்க்கு எழுபது வயதுக்கு மேல்.

முதல் இரண்டு மாதம் பிசைந்துகொண்டே இருந்தேன். சப்பாத்தி மாவு மாதிரி மடித்து அழுத்தினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு கை அழுத்த, மறு கை திருப்ப, மண் இதழ் இதழாகச் சுருண்டு வர வேண்டும். பார்த்தால் சாமந்திப் பூ போலவே இருக்கும். பேரும் அதுதான், ‘கிகுநேரி’, சாமந்திப் பிசைவு. அளவு பார்க்க மூங்கிலில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு குச்சி, குறுக்கே ஒரு குச்சி. ஒன்று ஆழத்தையும் ஒன்று அகலத்தையும் காட்டும். அதற்குப் பெயர் ‘தொம்போ’, தட்டாம்பூச்சி. காய்ந்து வெந்து வரும்போது மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே பன்னிரண்டு சென்டிமீட்டர் சோற்றுக் கிண்ணம் வேண்டுமென்றால் பதினாலுக்குக் கொஞ்சம் குறைவாக வனைய வேண்டும்.

என் முதல் கிண்ணம் காயும்போதே அடியில் ‘எஸ்’ எழுத்து போல விரிந்தது. சென்செய் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, என் கட்டைவிரலைப் பிடித்து, புது மண்ணின் நடுவில் வைத்து அழுத்தினார். அடியை இறுக்காமல் விட்டிருக்கிறேன். பக்கங்களை மட்டும் இழுத்து வளர்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அம்மா பழக்கின மீன்குழம்புச் சட்டி ஒன்றைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தேன். வழியில் உடைந்துபோனது. அழுகையே வந்துவிட்டது. ஓடுகளை வகுப்புக்கு எடுத்துப் போனேன். சென்செய் ஒரு ஓட்டை விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். உடைந்த விளிம்பை நாக்கில் வைத்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அளவுக்கு அது ஈரத்தை இழுக்கிறது. “இது நேரடித் தீயில் வைத்ததா? இதில் பெட்டலைட் இல்லையே” என்று கேட்டார்.

பெட்டலைட் என்பது லித்தியம் கலந்த ஒரு கனிமம். பான்கோ தோனாபே மண்ணில் 40 முதல் 50 சதவீதம் அதுதான். சூடேறினால் எந்த மண்ணும் விரியும். அடி வேகமாக விரிந்து விளிம்பு விரியாமல் நின்றால் சட்டி வெடிக்கும். பெட்டலைட் கலந்தால் விரிவே கிட்டத்தட்ட இருக்காது. ஜப்பானுக்கு இது ஜிம்பாப்வேயில் இருந்து வந்துகொண்டிருந்தது. மின்சார கார் பேட்டரிக்கு லித்தியம் தேவைப்பட்டதும் உலகமே அதைத் தேட ஆரம்பித்தது. 2022 டிசம்பரில் ஜிம்பாப்வே, பதப்படுத்தாத லித்தியத் தாதுவை ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. இங்கே சட்டி செய்கிறவர்களுக்கு அது பெரிய அடி.

அம்மாவின் சட்டியில் லித்தியம் கிடையாது. மணலும் துளைகளும்தான் அதைக் காப்பாற்றின. ஒரு விரிசல் கிளம்பினால் அடுத்த துளையில் போய் நின்றுவிடும். யொக்காயிச்சி இருக்கிற மியே மாகாணத்திலேயே இகா என்ற ஊரின் மண்ணும் அப்படித்தான். பழைய பிவா ஏரியின் அடிமண் அது. உள்ளே இருந்த தாவரத் துணுக்குகள் சூளையில் எரிந்து துளைகளை விட்டுப் போகும். துளை கூடினால் பலம் குறையும், கசிவும் வரும். எந்த அளவில் நிறுத்துவது? இதைத்தான் நான் படிக்கப் போகிறேன்.

நகோயா தொழில்நுட்பக் கழகத்தில் செராமிக்ஸ் ஆய்வுக்கென்றே தனி மையம் உண்டு, தாஜிமியில் இருக்கிறது. முதலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, பிறகு முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதுவது என் திட்டம். ஆய்வுத் திட்டத்தை எழுதிப் பேராசிரியருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அதை மூன்றாம் தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு ஜப்பானிய மொழித் தேர்வு, என்-2 நிலை எழுதுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிற மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஊரிலிருந்தே விண்ணப்பிக்கிறவர்கள் ஜப்பானியத் தூதரகம் வழியாக மெக்ஸ்ட், அதாவது ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகைக்கு முயலுங்கள். கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதாமாதம் ஒரு தொகை எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் அறிவிப்பு வரும்.

நம் ஊர்க் குயவர்கள் மண்ணோடு உமி கலப்பது உண்டு. அதை நினைத்துக்கொண்டு, பெட்டலைட் இல்லாத மண்ணில் உமியை மூன்று அளவில் கலந்து மூன்று சின்னச் சட்டிகள் வனைந்திருக்கிறேன். மூன்றும் இப்போது சூளையில் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை திறக்கிறார்கள். கஞ்சிக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.