பழைய எம்எக்ஸ்-5: கசிவு ஓரிடம், கறை வேறிடம்

வணக்கம் நேயர்களே. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் ஒரு சின்ன இரண்டு இருக்கைக் காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், இங்கே பிரிட்டனில் எம்எக்ஸ்-5. விளக்குகள் பானெட்டிலிருந்து மேலெழும்பும் அந்த முதல் தலைமுறை 1997 வரை தயாரானது. அதாவது, அவற்றில் மிக இளைய காருக்கே இப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் உரியது இன்றைய பேச்சு.

இந்த வயதில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரும்பு அல்ல, ரப்பர்தான். எஞ்சின் முரட்டுத்தனமான உழைப்பாளி. அதைச் சுற்றியுள்ள ஓ-ரிங், சீல், குழாய், தூசி உறை எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காய்ந்து போகும். "குறைந்த மைல்தான் ஓடியிருக்கிறது" என்று பெருமையாக விற்பார்கள். வருடக்கணக்கில் நின்றே கிடந்த கார் என்றால் நான் அதைக் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இன்னொன்று, சின்ன ரப்பர் செய்யும் கோளாறு பெரிய கோளாறின் வேடத்தில் வரும். அதனால் பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன் சின்னதைப் பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய்க் கசிவை எடுத்துக்கொள்வோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் எண்ணெய் சொட்டுகிறது. பார்த்தவுடன் "கிராங்கின், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டின், பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்பார்கள். அது ஒரு முழுநாள் வேலை. ஆனால் இந்தக் காரில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், தீத்தடுப்புச் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் கோணத்தை உணரும் கருவி, இருக்கிறது. அதைச் சுற்றி ஒரே ஒரு ஓ-ரிங். அது பிளாஸ்டிக் போல இறுகித் தட்டையாகிவிட்டால் எண்ணெய் அங்கிருந்து ஹெட்டின் பின்புறமாக வழிந்து, கியர்பாக்ஸ் உறையின் மேல் இறங்கி, அடியில் சொட்டும். வழியில் ஹீட்டர் குழாய்களையும் நனைத்து அவற்றின் ரப்பரை ஊதவைக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. பின்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரத்தின் மிக உயரமான இடம்தான் ஊற்று. வால்வு கவரின் பின்மூலைகளில் ஈரம் என்றால் வால்வு கவர் கேஸ்கெட். அதற்குக் கீழே சென்சாரைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் ஓ-ரிங். மேலே எல்லாம் காய்ந்திருந்து அடியில் மட்டும் நனைந்திருந்தால்தான் பின் சீலைப் பற்றிப் பேச வேண்டும்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட். இடம் மிக நெருக்கம், கையை மடக்கித்தான் நுழைக்க வேண்டும். கழற்றும் முன் சென்சார் உடலுக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருப்பினால் பற்றவைப்பு நேரமே மாறிவிடும் என்பதால் இது கட்டாயம். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் தடவி, கோடு பொருந்தும்படி மாட்டுங்கள். முடிந்தால் டைமிங் லைட்டால் சரிபாருங்கள். எஞ்சின் சூடானபின், பானெட்டுக்குள் இருக்கும் கண்டறிதல் பெட்டியில் TEN, GND என்ற இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 850 சுழற்சியில் நேரம், பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு முன் 10 டிகிரி காட்ட வேண்டும். கம்பியை எடுக்க மறக்காதீர்கள்.

அடுத்தது, 1.6 லிட்டர் எஞ்சினின் முதல் சில வருட கார்களுக்கு மட்டுமே உரிய ஒரு நோய். 1989 முதல் 1991 வரையிலான ஆரம்ப எஞ்சின்களில் கிராங்கின் முன்மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையானது. புல்லியின் முகத்தில் நான்கு பள்ளங்கள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிறகு வந்த நீண்ட மூக்கு. குட்டை மூக்கில் நடு போல்ட் ஒருமுறை சரியாக இறுக்கப்படாவிட்டால், கிராங்கையும் பல்சக்கரத்தையும் வழுக்காமல் பூட்டும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு தேயத் தொடங்கும். சாவி தேய்ந்தால் கேம் நேரம் பின்தங்கும். கார் இழுவை குறைந்து சோம்பலாகும். உடனே காற்று அளவி, எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு முன்னாலிருந்து புல்லியைப் பாருங்கள். அது தள்ளாடிச் சுற்றினால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். தேய்மானம் சிறிதாக இருந்தால் புதுச் சாவி, புது போல்ட் வைத்து, லாக்டைட் 660 என்ற இட்டுநிரப்பும் பசையால் காப்பாற்றியவர்கள் நிறைய. கிராங்கில் சாவி அமரும் பள்ளமே விரிந்துவிட்டால் வேறு எஞ்சின் தேடுவதுதான் மலிவு.

இதனால்தான் கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அந்த நடு போல்ட்டைத் தேவையில்லாமல் தொடாதீர்கள் என்கிறேன். முன் சீல் கசிந்தால் மட்டும் கழற்றலாம். கழற்றினால் காற்றுத் துப்பாக்கியால் இறுக்காமல், உங்கள் மூக்குக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். குட்டைக்கும் நெட்டைக்கும் அளவு வேறு.

பெல்ட்டுக்கான கெடு 60,000 மைல், அதாவது ஏறக்குறைய 100,000 கிலோமீட்டர். மாற்றியதற்கான ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, நடுவழியில் நிற்பதோடு சரி. தண்ணீர் பம்ப் ஓடுவது வெளியே உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்டில்தான், ஆனால் அதைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் எடுக்க வேண்டும், எனவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கேம் சக்கரங்களின் I, E குறிகளுக்கு நடுவே பெல்ட்டின் 19 பற்கள் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், பிறகு எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி எண்ணுங்கள்.

கிளட்ச் விஷயத்திலும் இதே வேடம்தான். பெடல் தரையோடு போகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது. கிளட்ச் தட்டு தேய்ந்தால் கார் வழுக்கும். கியர் விழாமல் போவது பெரும்பாலும், பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் வேலை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட், ஒரு குழாய், அவ்வளவுதான். கூடவே ரப்பர் குழாயையும் மாற்றுங்கள், உள்ளே கரைந்து திரவத்தைக் கறுப்பாக்குவது அதுதான். புது ஸ்லேவ் போட்ட சில வாரங்களில் பெடல் பக்கம் திரவத்தைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரும் கைவிடுவது சகஜம். பெடலுக்கு மேலே கால் வைக்கும் பக்கம் ஈரமிருந்தால் இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடுங்கள்.

இனி தண்ணீர். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக், புதிதில் கறுப்பு. அது பழுப்பாக மாறினால் நொறுங்கத் தயார் என்று பொருள். வெடிக்கும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். நிரப்பும்போது காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஆனால் இந்தக் காரைக் கொல்வது எஞ்சின் சூடு அல்ல, மழைத்தண்ணீர். துணிக்கூரையில் விழும் நீர் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரு ஓரங்களிலும் உள்ள வடிகுழாய் வழியாகப் பின்சக்கரங்களுக்கு முன்னே தரையில் இறங்கும். இலைச் சருகும் கூரைத் துணியின் நார்களும் அந்தக் குழாயை அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத நீர் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிக்குள் போய்த் தேங்கும். சில் என்று கராஜில் சொல்வது அதைத்தான். அது உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும். ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்கு வந்த யூனோஸ் கார்களுக்கு அடிப்பூச்சு மெல்லியது, இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள், கேட்கவா வேண்டும்? சில் என்பது காரைத் தாங்கும் உறுப்பு. அங்கே ஓட்டை இருந்தால் எம்ஓடி என்ற பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையில் தேறாது, புட்டி அடைத்து மறைக்கவும் முடியாது, தகடு வைத்துத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்ய வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு கோப்பை தண்ணீரை அந்த வாய்க்காலில் மெதுவாக ஊற்றுங்கள். இருபுறமும் காருக்கு அடியில் உடனே வந்தால் நிம்மதி. வராவிட்டால் புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை மேலிருந்து விட்டு மெல்ல அசையுங்கள். கூர்மையான கம்பி குழாயைக் கிழித்துவிடும், அழுத்தக் காற்று அதன் இணைப்பையே பிரித்துவிடும்.

பாட்டரி டிக்கியில் இருக்கிறது. மூடிய இடத்துக்குப் பொருந்தும் வகையைத்தான் வாங்க வேண்டும், அதன் காற்றுக்குழாய்களை வெளியே விடும் இணைப்பும் இருக்க வேண்டும். சாதாரண ஆசிட் பாட்டரி வைத்தால் அதைச் சுற்றித் தகடு அரிக்கும்.

நின்ற இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கித் தவித்தால், காற்று அளவிக்குப் பின்னால் வரும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். மேட்டில் ஏறும்போது மட்டும் இருமினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் ஒயர்கள். பிளக்கின் இடைவெளி 1 முதல் 1.1 மில்லிமீட்டர்.

கடைசியாகக் கைப்பிரேக். நெம்பை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்கவில்லை என்றால் கேபிளை இறுக்கத் தொடங்காதீர்கள். பிரேக் பட்டைகளை அழுத்தும் பின் காலிப்பர்களின் நழுவும் ஊசிகளை முதலில் கழற்றி, சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்கள். பிறகு காலிப்பரின் பின்னால் உள்ள மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி பொருந்தும் திருகு இருக்கும். சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சுற்று மட்டும் பின்னே விடுங்கள். இரு சக்கரங்களையும் முடித்த பிறகும் நெம்பு தளர்வாக இருந்தால்தான் கேபிளைத் தொட வேண்டும்.