பத்தாவது முடிந்தது: குரூப் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

[திரையில்: ப்ளஸ் ஒன் சேர்க்கை விண்ணப்பம். 'குரூப்' என்ற கட்டம் பெரிதாகிறது.]

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் இந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். 400-க்கு மேல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் காமர்ஸ் என்று மார்க்கை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் வழக்கம். என்ன வேலைக்குப் போகப் போகிறோம் என்று 15 வயதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் இந்த குரூப் எடுத்தால் இனி எதற்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பது கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

[திரையில்: நான்கு குரூப்கள், ஒவ்வொன்றாக]

கணிதம், இயற்பியல், வேதியியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங், பி.ஆர்க் எல்லாம் உண்டு. எம்பிபிஎஸ், பி.எஸ்சி நர்சிங், பிசியோதெரபி கிடையாது. தாவரவியல், விலங்கியல் வரும் ப்யூர் சயின்ஸில் இது அப்படியே மாறும்: மருத்துவப் பக்கம் உண்டு, கணிதம் இல்லாததால் இன்ஜினியரிங் போய்விடும்.

"எதற்கும் இருக்கட்டும், ரெண்டும் வரட்டும்" என்று பயோ-மேத்ஸ் எடுக்கிறவர்கள் நிறைய. அதற்கு முன் ஒரு கணக்கு. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு. கணித மார்க் முழுசாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி.

[திரையில்: கணிதம் 90 + இயற்பியல் 84-ல் பாதி 42 + வேதியியல் 80-ல் பாதி 40 = 172]

இதில் பயாலஜி எங்கேயும் வரவில்லை, 98 எடுத்தாலும் சேராது. நீட் தேர்வில் கணக்கு வேறு. மொத்தம் 720-ல் பயாலஜிக்கு மட்டும் 360. அங்கே கணிதத்துக்கு இடமே இல்லை. ஆக, பயோ-மேத்ஸ் படிப்பவர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெரிய பாடத்தை அந்த ரேங்குக்குப் பயனில்லாமல் இரண்டு வருடம் சுமக்கிறார். ஒன்பதாவதிலிருந்தே கணிதத்திலும் அறிவியலிலும் சிரமமில்லாமல் வருகிறவர் தாராளமாக எடுக்கலாம். காலையில் ஒரு டியூஷன், மாலையில் இரண்டு என்று ஓடித்தான் பாஸ் ஆகிறோம் என்றால் வேண்டாம்.

காமர்ஸ் ஒருவழிப் பாதை. சயின்ஸ் படித்தவர் பி.காம், சட்டம், சி.ஏ. என்று வரலாம், காமர்ஸ் படித்தவர் இன்ஜினியரிங்குக்கோ மருத்துவத்துக்கோ போக முடியாது. அதனால் எல்லோரும் சயின்ஸ் எடுங்கள் என்று சொல்லவில்லை. பி.காம்தான் என்று முடிவெடுத்தவர், இயற்பியலில் 50 வாங்கிக்கொண்டு நல்ல கல்லூரியில் பி.காம் சீட் கேட்டு நிற்பதில் லாபம் ஒன்றுமில்லை.

காமர்ஸில் பலர் கவனிக்காமல் விடுவது நான்காவது பாடம். வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடா? கணக்குக்குப் பயந்து பின்னதை எடுத்துவிட்டு, பிறகு சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதப் போகிறவர்கள் உண்டு. அங்கே நான்கு தாளில் ஒரு தாளே வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல்தான். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தம் 400-க்கு 200 எடுத்தால்தான் பாஸ். கணினிப் பயன்பாடு எடுத்தவரும் எழுதலாம். அந்தத் தாளுக்கு மட்டும் அடியிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

[திரையில்: தரமணி பறக்கும் ரயில் நிலையம்]

ப்ளஸ் ஒன்னே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. அதைத் தோற்றவர் பாதையாகப் பேசுவது சென்னையின் கெட்ட பழக்கம். பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. 3-ம் 3-ம் ஆறு. ப்ளஸ் டூ வழியில் 2-ம் 4-ம், அதுவும் ஆறுதான். டிப்ளமோக்காரர் கையில் நடுவிலேயே ஒரு சான்றிதழ் இருக்கும். இடறுவது இன்ஜினியரிங் கணிதத்தில்: ப்ளஸ் டூ படித்தவர்கள் முதலாண்டிலேயே முடித்த கணிதத்தை இவர்கள் சொந்தமாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஐடிஐ இன்னொரு வழி. ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலை, பத்தாவது முடித்தவர்களையும் ஐடிஐ முடித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கிறது. அது உதவித்தொகையோடு பயிற்சி. நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு நாள் தரமணிக்குப் போய்ப் பாருங்கள். 1916-ல் தொடங்கிய மத்திய பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பம், ஜவுளித் தொழில்நுட்பம், ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட், எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் எல்லாம் அந்த ஒரே வட்டாரத்தில்தான். வாசலில் நிற்கும் கடைசி வருட மாணவரிடம் கேளுங்கள்: எந்தப் பாடத்தில் அரியர் அதிகம், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், ஃபீஸ் போக வருடத்துக்கு என்ன செலவு? விளம்பரப் புத்தகத்தில் இந்த மூன்றும் இருக்காது.

கப்பல் படிப்புக்கு உத்தண்டி கடல்சார் பல்கலைக்கழகத்தை நினைப்பவர்கள், முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருந்தால் மருத்துவத் தகுதி கிடைக்காது. நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடம் படித்த பிறகு இது தெரிய வருவது கொடுமை.

[திரையில்: 7.5%]

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் இங்கே கவனிக்கவும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இன்ஜினியரிங்கில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும் "ப்ளஸ் ஒன்னுக்கு நல்ல ஸ்கூல்" என்று தனியாருக்கு மாற்றினால், இது அன்றோடு போயிற்று. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அப்படித்தான். திரும்ப வாங்க வழியில்லை.

கடைசியாக, சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி வாங்க வேண்டாம். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது. அதிகம் சிக்கல் வருவது பெயரில். ஆதாரில் இனிஷியல் முன்னால், டிசியில் பின்னால், சாதிச் சான்றில் ஓர் எழுத்துக் குறைவு என்றிருந்தால் கவுன்சிலிங் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாவது மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே மற்றதையெல்லாம் இந்த விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.