தட்டை மோந்துவிட்டுப் போகிற நாய்

வணக்கம். நாய் வளர்ப்பவர்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "எங்க நாய் எதையுமே சாப்பிட மாட்டேங்குது, எலும்பும் தோலுமா நிக்குது, இன்னா பண்றது?" நான் மருத்துவர் இல்லை, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெருவில் விட்டுவிட்டுப் போன நாய்களை எடுத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது பல வருடப் பழக்கம். தேற்ற வேண்டுமென்றால் முதலில் அது சாப்பிட வேண்டும் இல்லையா, அதனால் இந்த விஷயத்தோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவிலும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்கிற நாய் வேறு, முடியவில்லை என்கிற நாய் வேறு. இரண்டும் தட்டை மோந்துவிட்டுத்தான் போகும், தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் நாய்க்குப் பழக்கத்தை மாற்ற வேண்டும், இரண்டாவது நாய்க்கு மருத்துவர் வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஆபத்து.

அதற்கும் முன்னால், நாய் உண்மையிலேயே ஒல்லியா என்று பார்த்துவிடுவோம். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் உங்கள் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களை மடக்கி முஷ்டியாகப் பிடித்து, மேலே இருக்கும் மொட்டு எலும்புகளை மற்றொரு கை விரலால் தடவுங்கள். நாயின் விலாவைத் தடவும்போது இப்படித் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது ஒல்லி. இப்போது முஷ்டியை விரித்து, புறங்கையின் அதே இடத்தைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரிகிறது, ஆனால் குத்தவில்லை, அது சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் உங்கள் நாய் குண்டு, அதற்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அப்புறம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அதுகளுக்கு வயிறு ஒட்டி விலா லேசாகத் தெரிவதுதான் அமைப்பு.

சரி, ஒல்லிதான் என்று தெரிந்துவிட்டது. இப்போது அது எப்படி மறுக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். சோற்றை வைத்ததும் ஓடி வருகிறது, மோந்து பார்க்கிறது, எச்சில் ஒழுகுகிறது, உதட்டை நக்கிக்கொண்டு பின்வாங்குகிறது. இது வேண்டாம் என்பது இல்லை, குமட்டல். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லுகிறது, கெட்டியானதைக் கீழே போட்டுவிட்டுக் குழம்பை மட்டும் நக்குகிறது, அப்படியென்றால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். ஈறு வெளுத்துப் போய், உடம்பு சுட்டு, சுருண்டு படுத்திருந்தால் நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். உண்ணி இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள், கடித்துவிட்டு விழுந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்தை வாரக்கணக்கில் கொடுக்கச் சொல்வார்கள், நாய் எழுந்து ஓடுகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. இன்னொரு ரகம் உண்டு: பேயாய்ப் பறந்து சாப்பிடும், ஆனாலும் மெலிந்துகொண்டே போகும், மலம் எண்ணெய்ப் பசையாகக் கூடை கூடையாகப் போகும். அது கணையக் கோளாறாக இருக்கலாம். குடல் பூச்சி எல்லாவற்றுக்கும் பொது, மலத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

இதற்கெல்லாம் நமக்குப் பக்கத்திலேயே, சென்னையிலேயே, வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோடு மருத்துவமனை. காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள், போகும்போது அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரோடு மட்டும் இருந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். குட்டியென்றால் அரை நாள் கூடத் தாமதிக்காதீர்கள், சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

இப்போது என் மனதுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பொறை. டீக்கடை பாட்டிலில் காய்ந்த ரொட்டி இருக்குமே, அந்தப் பொறை. நாய் வளர்க்கும் வடசென்னைக்காரர்களுக்கும் எனக்கும் தகராறே அதில்தான்.

ராயபுரத்தில் ஒரு லைன் வீடு. பொதுக் குழாய், நடுவில் சிமெண்டு முற்றம், கடைசி வீட்டுத் தம்பி வளர்க்கிற நாய், பெயர் மணி. விலா எண்ணிவிடலாம், அப்படி இருந்தது. மருத்துவரிடம் காட்டியாயிற்று, பூச்சி இருந்தது, மருந்து கொடுத்தாயிற்று, அப்புறமும் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி சத்தியம் செய்கிறார், "அண்ணே, காலைலேருந்து பச்சைத் தண்ணி கூட வாயில படல." நான் ஒரு சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தேன். குழாய்ச் சுவரில், மணிக்கு யார் எதைப் போட்டாலும் ஒரு கோடு இழுங்கள், ஒரு நாள் மட்டும், திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் குழாயிலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முறுக்கு, எதிர்வீட்டுக்காரர் பாதி இட்லி, பெட்டிக்கடைக்காரர் பன்னு, மீன் ஆயும் அக்கா வாலும் துடுப்பும், முதல் வீட்டு ஆயா டீயில் நனைத்த பொறை, அதுவும் பல தடவை. ஆயாவைக் கேட்டால், "நான் போட்டது இத்துனூண்டு பொறை, அதுல இன்னா ஆயிடப் போவுது?" என்றது. ஒவ்வொருவரும் போட்டது இத்துனூண்டுதான். சேர்த்தால் ஒரு வயிறு நிறைய மாவும் சர்க்கரையும். வயிறு அடைத்துவிட்டது, சதை போடப் போதுமான புரதம் அதில் இல்லை. நாய் மெலிந்ததும் அதனால்தான், சோற்றை வேண்டாம் என்றதும் அதனால்தான்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. மணி தயிர்சாதத்தை மறுத்தால் தம்பி முட்டை உடைத்துப் போடுவார். முட்டையை மறுத்தால் பிரியாணிக் கடைக்கு ஓடுவார். காத்திருந்தால் கறி வரும் என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது. அதன் கணக்கு சரிதானே!

வைத்தியம் என்ன செய்தோம்? அதிகாரத்தை ஆயா கையில் கொடுத்தோம். "இனிமே காலைல ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி, நீதான் போடணும் ஆயா, வேற யாரு போட்டாலும் நீதான் கேக்கணும்." அவ்வளவுதான், பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டாலே ஆயா வாசலுக்கு வந்துவிடும். தட்டை வைக்க வேண்டும், கால் மணி நேரம், அதிகம் போனால் இருபது நிமிடம், பக்கத்தில் நின்று கெஞ்சக் கூடாது, சாப்பிடாவிட்டால் பேசாமல் தட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளைதான் அடுத்த தட்டு. முதல் வேளை மணி மோந்துவிட்டுப் பெட்டிக்கடைப் பக்கம் பார்த்தது. ஆயாவுக்குக் கண் கலங்கி, "பாவம்டா, பட்டினி போடுறியே" என்று என்னைத் திட்டியது. இரண்டு மூன்று நாளில் மணி அலுமினியத் தட்டை நக்கி நக்கிச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டே சாக்கடை மூடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது.

மறுபடி சொல்கிறேன், இது வேண்டாம் என்கிற நாய்க்கு மட்டும். முடியாத நாயின் தட்டை எடுத்துவிடாதீர்கள், குட்டியின் தட்டையும் எடுக்காதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த நாயைத் தெருவிலிருந்து தூக்கி வந்தால் அதற்கும் இந்தக் கண்டிப்பு கிடையாது, அன்றைக்கே வயிறு முட்டப் போடுவதும் கூடாது. பட்டினி உடம்பில் திடீரென்று நிறையச் சோறு இறங்கினால் ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிரே போகலாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுத்து, சில நாட்களில் அளவை ஏற்றுங்கள்.

என்ன போடுவது? பத்துக் கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும், உடம்பு ஏற அதற்கு மேல் கால் பங்கு சேர்க்கலாம். ஒரு முட்டையில் 70 கலோரிதான், ஆகவே சோற்றைக் குவித்து ஒரு முட்டையை உடைத்துப் போட்டால் மட்டும் போதாது, சோற்றைக் குறைத்துக் கறியை ஏற்றுங்கள். நாய்க்கு நம்மைவிட நாக்கு மந்தம், மூக்குதான் எல்லாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனையே இருக்காது, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். காசிமேட்டில் மத்தி வாங்கி, உப்பு, மிளகாய் எதுவும் போடாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைந்து, அந்த வெந்த தண்ணீரையும் ஊற்றினால் எப்பேர்ப்பட்ட அலட்டல் நாயும் திரும்பிப் பார்க்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும், அப்போது அவித்த முட்டை, எலும்பில்லாத கோழி, வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் ஈரல். கத்திரி வெயிலும் அப்போதுதான் வரும், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் வையுங்கள், பகலில் அது சாப்பிடாது, யார்தான் சாப்பிடுவார்கள். புது உணவு எதுவானாலும் ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

நிலையத்துத் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் ஆகிவிட்டதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது, பிரியாணியில் கிடக்கும் வெந்த எலும்பும் கூடாது, நொறுங்கிக் குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நீங்கள் போடுகிற பாராசிட்டமால் கூடவே கூடாது. வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், பழைய பேப்பர் கடைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும், பத்துக் கிலோ நாய் வாரத்துக்கு நூறு, இருநூறு கிராம் ஏறினால் போதும். வயதான நாய் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு மெலிந்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அதைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.